கடற்கரைக் குடிசையும் காசநோய் மருத்துவமும்



சென்னைக்குத் தெற்கே வங்கக் கடலோரத்தில் அமைந்த கோவளம், வரலாற்று ஏடுகளில் இடம்பெற்ற ஊராகும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு கம்பெனியார் அங்கு வாணிகம் புரிந்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் அங்கொரு கோட்டை எழுந்தது. 1752இல் கிளைவ் அதனைக் கைப்பற்றினான். இச்செய்திகளை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். ஆயின் இன்று யான் கூற எடுத்துக்கொண்டது கோட்டை கொத்தளங்களின் வரலாறு அன்று. கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியோடு மக்கள் நடத்திய நெடும்போரின் வரலாறு அது. அப்போரில் உடலை ஆராய்வோரும் சமூகத்தை ஆராய்வோரும் எவ்வாறு ஒன்றுபட்டனர், ஒன்றுபடாதபோது யாது நேர்ந்தது என்பதே இப்பேச்சின் பொருள்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக மேற்கே சென்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தாம்பரத்தை அடையலாம். அங்குள்ள புகைவண்டி நிலையம் ஒன்றுக்குத் 'தாம்பரம் சானட்டோரியம்' என்பதே பெயர். ஒரு மருத்துவமனை, ஊருக்கும் நிலையத்துக்கும் பெயராகி நிலைத்துவிட்டது என்றால், அது எத்துணைப் பேருடைய துயரோடும் நம்பிக்கையோடும் கலந்திருத்தல் வேண்டும்!

காசநோயை நம் முன்னோர் என்புருக்கி நோய் என்றும் சயரோகம் என்றும் வழங்கினர். என்பையே உருக்கிவிடும் நோய் என்னும் பெயரிலேயே அதன் கொடுமை விளங்கும். 1882இல் செருமானிய அறிஞர் ராபர்ட் கோக், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். காரணம் தெரிந்துவிட்டது, மருந்துதான் தெரியவில்லை. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல், தூய காற்றும் ஓய்வும் ஊட்டமிக்க உணவுமே இந்நோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டன. இம்மூன்றையும் ஒருங்கே அளிக்கும் இடமே சானட்டோரியம் எனப்பட்டது.

இம்முறையில் பயின்றவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே சானட்டோரியம் ஒன்றை நடத்திப் புகழ் பெற்ற இத்தமிழர், தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவினார். 1937இல் சென்னை அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. மரநிழலும் திறந்த தாழ்வாரமுமாக அமைந்த அந்நிலையத்தில் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், நோயாளர் படுத்திருந்தனர். அந்நாளில் அதனினும் மேலான உதவியை எவரும் அளித்திருக்க இயலாது.

ஆயினும் ஒரு கேள்வி அப்போதே எழுந்திருத்தல் வேண்டும். கோவளத்தில் கட்டுமரம் செலுத்தி வாழும் மீனவர் ஒருவருக்கு இந்நோய் கண்டதாகக் கொள்வோம். அவர் கடலுக்குப் போகாத நாள், வீட்டில் அடுப்பு எரியாத நாள். அவர் தாம்பரத்தில் ஓராண்டு படுத்திருப்பாராயின் மனைவி மக்களுக்குச் சோறிடுவார் யார்? வலையையும் மரத்தையும் காப்பார் யார்? கடனுக்கு வட்டி கட்டுவார் யார்? இவை மருத்துவ நூல்களில் விடை காண இயலாத வினாக்கள். ஆயினும் நோய் தீர்வதும் தீராததும் இவ்வினாக்களையே பெரிதும் சார்ந்திருந்தன.

நாடு விடுதலை பெற்றபின், 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோய் பற்றிப் பெரியதோர் அளவாய்வு நடத்தியது. இது நகரத்து நோய், ஆலைத் தொழிலாளர் நோய் என்று அதுகாறும் பலர் கருதி வந்தனர். கிராமங்களிலும் நகரங்களுக்கு ஒப்பவே இந்நோய் பரவியிருந்தது என்பதை அவ்வாய்வு புலப்படுத்தியது. நோயாளரின் தொகையோ இலட்சக் கணக்கு. நாட்டிலிருந்த படுக்கைகளின் தொகையோ அதில் மிகச் சிறு பங்கு. ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு படுக்கை என்று திட்டமிட்டால், எத்தனை தாம்பரங்கள் கட்டினாலும் போதா.

இதற்கிடையில் மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியாசிட் என்னும் மாத்திரை பயனுக்கு வந்தது; அதன் விலை குறைவு, ஆற்றலோ பெரிது. அதனோடு பாஸ் எனப்படும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கிருமி எதிர்த்து வலுப்பெறுவதைத் தடுக்கலாம் என்பதும் தெரிந்தது. இப்போது வினா வேறு வடிவம் பெற்றது. இம்மருந்துகளை உட்கொள்ள நோயாளர் சானட்டோரியத்தில் படுத்திருத்தல் இன்றியமையாததா? நெருக்கமான தம் குடிசையில், எளிய உணவோடு, குடும்பத்தார் நடுவிலேயே இருந்துகொண்டு உட்கொண்டால் ஆகாதா?

இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு 1956இல் சென்னையின் தலைமேல் வந்தது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னை நகரின் ஏழை மக்களுள் நோய் கண்ட 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் வீட்டிலும் மறு பாதியினர் சானட்டோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. வேறுபட்டவை இடமும் உணவும் ஓய்வும் மட்டுமே.

முடிவு 1959இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் சானட்டோரியத்தில் இருந்தோருள் 92 விழுக்காட்டினரும், வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையை எய்தினர். சானட்டோரியத்தார்க்கு நல்லுணவு கிடைத்தது. அவர்கள் உடல் எடை மிகுதியும் கூடிற்று. வீட்டில் இருந்தோரோ குறைந்த உணவு உண்டு, நெருக்கடியில் வாழ்ந்து, பலர் உழைக்கவும் செய்தனர். அவ்வாறிருந்தும் நோய் தணிவதில் பெரும் வேற்றுமை இல்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியபோதும் முடிவு மாறவில்லை. மற்றோர் அச்சமும் நீங்கிற்று. நோயாளர் வீட்டில் இருந்தால் குழந்தைகளுக்கும் உற்றாருக்கும் நோய் மிகுதியாகப் பற்றும் என்று அஞ்சினர் அல்லவா? இரு சாராருடைய குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் சோதித்தபோது, வீட்டுச் சிகிச்சையால் கூடுதல் தீங்கு விளையவில்லை என்று தெரிந்தது. மருந்து தொடங்குமுன் பற்றியதே பெரும்பகுதி. மருந்து தொடங்கியபின் அபாயம் விரைந்து குறைகிறது. உலகெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட்டமைக்கும், நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரிக்கும் வழக்கம் ஒழிந்தமைக்கும் சேத்துப்பட்டுச் சோதனை ஒரு முதன்மையான காரணம்.

இது மருந்தின் வெற்றி என்று கூறி அமையலாகாது. நிலையத்து ஊழியர் நோயாளரின் வீடு தேடிச் சென்றனர். முன்னறிவிப்பின்றிச் சென்று, எஞ்சிய மருந்துப் பொட்டலங்களை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டனரா என்று கண்டறிந்தனர். பாஸ் மருந்து அளவில் பெரிது, வயிற்றைப் புரட்டுவது. இருமல் நின்று பசி எடுக்கத் தொடங்கியதும், 'நோய் தீர்ந்தது, இனி மருந்து எதற்கு?' என்று எண்ணுவது மனித இயல்பு. படித்தவரும் இதற்கு விலக்கல்லர். ஒருவர் மருந்தை ஏன் நிறுத்துகிறார் என்பதை நுண்ணோக்கி காட்டாது. அதற்கு அவரது திண்ணையில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டல் வேண்டும். அச்சமூகப் பணியாளரும் வீட்டுப் பார்வையாளரும் கண்டு சொன்னவை, மருத்துவர் வகுத்த திட்டத்தையே மாற்றின. மருந்தை நாள்தோறும் வீட்டில் உண்பதற்கு மாறாக, வாரம் இருமுறை நிலையத்துக்கு வந்து ஊழியர் கண்முன்னே பெற்றுக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. அதன் பயன் குறைவுபடவில்லை என்பது 1964இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று.

இனிச் சென்னையை விட்டுக் கன்னட நாட்டுக்குச் செல்வோம். ஏனெனில் இவ்வரலாற்றின் மறு பாதி அங்கேதான் எழுதப்பட்டது. 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் தோன்றியது. நாடு முழுவதற்கும் ஏற்றதொரு திட்டத்தை வகுத்தல் அதன் பணி. அங்கு மருத்துவர், கிருமியியலார், புள்ளியியலார், சமூகவியலார் யாவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். மருத்துவமும் மானிடவியலும் பயின்ற டி. பானர்ஜியும், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தி, 1963இல் அதனை வெளியிட்டனர்.

அக்காலத்தில் கற்றோரிடையே நிலவிய எண்ணம் இதுவாகும்: 'கிராமத்தார் அறியாமை மிக்கவர், நோயை நோயென்று உணரார், விதியென்று கிடப்பார், மந்திரவாதியை நாடுவார், ஆதலின் வண்டிகளில் கருவியேற்றிச் சென்று வீடுவீடாக நோயைத் தேடிப் பிடித்தல் வேண்டும்.' இவ்வெண்ணம் மெய்யா என்று எவரும் கிராமத்தாரைக் கேட்டுப் பார்த்ததில்லை. பானர்ஜியும் ஆண்டர்சனும் கேட்டுப் பார்த்தனர். நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் தம் உடற்குறியைத் தாமே உணர்ந்திருந்தனர். அதைப் பற்றிக் கவலையுற்றிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருந்தகத்தை நாடியும் சென்றிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைச் சோதிப்பார் இல்லை. நோயாளர் மருத்துவத்தைத் தேடி வந்தார். மருத்துவந்தான் நோயாளரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இக்கண்டுபிடிப்பின் பயனை எண்ணிப் பாருங்கள். நோயாளர் தாமே வருகின்றார் என்றால், கோடிக்கணக்கில் செலவிட்டு அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டுவதில்லை. அவர் வரும் சிறு மருந்தகத்தில் ஒரு நுண்ணோக்கியும், அதை நோக்கத் தெரிந்த ஒருவரும், தடையின்றி மருந்தும் இருந்தால் போதும். 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், மாவட்டந்தோறும் பொது மருத்துவச் சேவையோடு இணைந்து நடக்குமாறு வகுக்கப்பட்டமைக்கு இக்கருத்தே அடிப்படை. சேத்துப்பட்டின் மருந்தறிவும் தும்கூரின் மக்களறிவும் சேர்ந்தே அத்திட்டத்தை ஆக்கின. பின்னாளில் பணமும் மருந்தும் ஆளும் போதாமையால் திட்டம் நலிந்தது உண்மை; வகுத்த கருத்தில் இருந்த குறை அன்று அது.

ஒற்றுமை குன்றியபோது நேர்ந்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே உண்டு. பி.சி.ஜி. என்னும் அம்மையூசி 1948இல் இந்நாட்டில் முதன்முதலாகப் போடப்பட்டது. அதே ஆண்டில் கிண்டி கிங் நிலையத்தில் அதனை ஆக்கும் கூடமும் அமைந்தது. பின்னர் அது நாடெங்கும் பேரியக்கமாயிற்று. 1955இல் இராஜாஜி இதனை வன்மையாக எதிர்த்து எழுதினார். ஊசியால் தீங்கு விளையும் என்பது அவரது அச்சம். எதிர்ப்பை அறியாமையின் விளைவென்று ஒதுக்கியோர் பலர். தீங்கு பற்றிய அவ்வச்சம் பிற்கால ஆராய்ச்சியால் மெய்ப்படவில்லை. ஆயின், 'இந்நாட்டில், இம்மக்களிடையே, இவ்வூசி எவ்வளவு காக்கும்?' என்னும் வினாவுக்கு அன்று எவரிடமும் சோதித்தறிந்த விடை இல்லை.

அவ்விடை செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்தே வந்தது. கோவளமும் திருவள்ளூரும் அன்று அந்த ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1968இல் திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு, உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. ஏழரை ஆண்டுக் கணக்கு வெளிவந்தபோது அறிஞர் உலகம் திகைத்தது. வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி அங்குத் தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கணக்கும் 1999இல் அதனையே உறுதி செய்தது. சிறு குழந்தைகளுக்கு மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காப்பளிக்கிறது. ஆதலின் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. ஆயினும் ஊசியொன்றே நாட்டைக் காக்கும் என்றிருந்த நம்பிக்கை தகர்ந்தது. மக்களின் ஐயத்தை அவமதியாமல், அதனை ஒரு வினாவாக ஏற்றுத் தொடக்கத்திலேயே சோதித்திருப்பின், இருபதாண்டுகள் முன்னரே இவ்வுண்மையை அறிந்திருக்கலாம்.

தாம்பரத்துக்கு மீண்டும் வருவோம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், எச்.ஐ.வி. கிருமி இந்நாட்டிலும் நுழைந்துவிட்டது என்பதை முதன்முதலாக வெளிப்படுத்தினர். அதன்பின் நோயுற்றோரைத் தொடவும் அஞ்சிப் பல இடங்களில் திருப்பியனுப்பிய காலத்தில், தாம்பரம் சானட்டோரியம் அவர்களுக்கு இடமளித்தது. காசநோயாளரைப் பேணிப் பழகிய அந்நிலையம் எச்.ஐ.வி. நோயாளரையும் ஆயிரக்கணக்கில் பேணிற்று. அங்கும் கிருமியைக் காட்டிலும் விரைந்து பரவியது அவமானமே. அவமானத்துக்கு அஞ்சி நோயை மறைப்பார் சிகிச்சைக்கு வாரார். அவர் வாராதவரை கிருமிக்கு வெற்றி.

சேத்துப்பட்டில் பிறந்த 'கண்முன்னே மருந்து' என்னும் முறை, 1997இல் தொடங்கிய திருத்திய காசநோய்த் திட்டத்தின் வாயிலாக நாடெங்கும் பரவியது. அதனால் பிழைத்தோர் பலர். ஆயின் அதற்கும் ஒரு விலை உண்டு. கண்முன்னே மருந்துண்ண வேண்டுமாயின் நோயாளர் நிலையத்துக்கு வருதல் வேண்டும். வந்தால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் ஆகும், அக்கம்பக்கத்தார் காணவும் நேரும். அச்சேத்துப்பட்டு நிலையமே, நோய் ஒரு குடும்பத்தை எவ்வாறு உருக்குகிறது என்று ஆராய்ந்து 1999இல் வெளியிட்டது. கூலி இழப்பும், கடனும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளும் அதன் பக்கங்களில் காணப்படுகின்றனர். என்பை உருக்கும் நோய், வீட்டையும் உருக்குகிறது என்பது அதன் சாரம். அந்நிலையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயரோடு இயங்கி வருகிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். 1959ஆம் ஆண்டு முடிவைக் கண்ட சிலர், 'மருந்து போதும், உணவு பொருட்டன்று' என்று முடிவு கட்டினர். சோதனை கூறியது அதுவன்று. தக்க மருந்து உண்டோர்க்கு எளிய உணவிலும் நோய் தணிகிறது என்றே அது கூறிற்று. நோய் வாராமல் தடுப்பதில் உணவின் பங்கு யாது என்னும் வினா நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்று அதற்கு விடையிறுத்தது. நோயாளரோடு ஒரே வீட்டில் வாழும் ஏறத்தாழ 10,000 பேருள் ஒரு சாராருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. ஊசி செய்யாததை உணவு ஓரளவு செய்தது! நோயாளரின் உணவுக்கென 2018 முதல் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது; 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாயிற்று.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இவ்வறிவின் அண்மைக் கனி. நோய் உறுதியான ஒவ்வொருவரையும் ஊழியர் மூன்று நோக்கில் சோதிக்கின்றனர். உடல் மிக மெலிந்துள்ளாரா? மூச்சுத் திணறல் உண்டா? பற்றுக்கோடின்றி நிற்க இயலுமா? இவற்றுள் ஒன்றில் இடர் கண்டாலும், அவரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனையில் சேர்க்கின்றனர். வீட்டில் இருக்கத்தக்கவர் வீட்டில்; படுக்கை வேண்டியவர் படுக்கையில். அறுபதாண்டுகளுக்கு முன் எழுந்த 'வீடா, சானட்டோரியமா?' என்னும் வழக்கு, ஆளறிந்து தீர்ப்பளிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கிருமியை அறிந்தவர் மக்களை அறிந்தவரை, திட்டம் முடிந்தபின் பிரசாரம் செய்வதற்கு மட்டும் அழைப்பது வழக்கமாகி வந்துள்ளது. 'மருந்து சரி, மக்கள் ஏன் ஏற்கவில்லை?' என்று அவரிடம் கேட்கின்றனர். சேத்துப்பட்டும் தும்கூரும் காட்டும் நெறி வேறு. எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் முதல் நாளிலேயே இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஆதலின் கேட்ட வினாக்களே சிறந்தன. நாளை வரவிருக்கும் நோய் எதுவென்று நாம் அறியோம். அது வரும்போது ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தேடுவோர் சிலர் வேண்டும். அதே நாளில், கோவளம் போன்ற குப்பங்களுக்குச் சென்று, 'உங்கள் இருமலைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எங்கே சென்றீர்கள்? அங்கே என்ன சொன்னார்கள்?' என்று கேட்டு எழுதிவருவோர் சிலரும் வேண்டும். இவ்விருவர் குறிப்பும் ஒரே ஏட்டில் பதியப்படுமாயின், பல உயிர்கள் காலத்தே காக்கப்படும்.